ஃபோவுக்கு வயது நூற்றிச் சொச்சம்தான்

வியட்நாம் உணவகம் எதிலாவது மெனு அட்டையைப் புரட்டினால், 'பாரம்பரிய உணவுகள்' என்ற தலைப்பின் கீழ் முதலில் ஃபோ சூப் இருக்கும், அடுத்து பான் மீ ரொட்டி இருக்கும். இரண்டும் அந்த நாட்டின் முகம்தான், அதில் சண்டையே இல்லை. ஆனால் ஃபோ பிறந்து நூற்றிச் சொச்சம் வருடம்தான் ஆகிறது. பான் மீ இன்று நாம் தின்கிற வடிவத்துக்கு வந்து எழுபது வருடத்தை ஒட்டித்தான் ஆகிறது. 1820 முதல் 1841 வரை ஹுவே அரண்மனையில் உட்கார்ந்து ஆண்ட மின் மாங் மன்னர் இந்த இரண்டையும் வாயில் வைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அப்படியானால் எது பழசு? என் பதில் இது: வியட்நாம் சமையலில் பழசு என்று சொல்லத் தகுந்தவை பெரும்பாலும் தனித்தனி பண்டங்கள் அல்ல, அவற்றைத் தாங்குகிற அடித்தளம்தான். அரிசி, புளிக்கவைத்த மீன் சாறு, கைநிறையப் பச்சை இலைகள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, சீனாவிலிருந்து வந்ததோ பிரான்சிலிருந்து வந்ததோ இந்தியாவிலிருந்து வந்ததோ, எதையும் பிடித்து உட்காரவைத்துத் தன் சாப்பாடாக மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு பண்டத்தையும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஒரு படையெடுப்போ பிரிவினையோ பஞ்சமோ தட்டுப்படும்.

ஃபோவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இதில்தான் கதை அதிகம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை வடக்கு வியட்நாமில் மாட்டிறைச்சி அன்றாடச் சாப்பாடு கிடையாது. மாடும் எருமையும் வயலில் உழுவதற்கு. பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கு இறைச்சித் துண்டு வேண்டும், மாடு வெட்டுவது அதிகமானது. நல்ல கறி வெள்ளைக்காரர் மேசைக்குப் போனபின் எலும்பும் சவ்வும் மலிவாக மிஞ்சியது. அதைக் கொதிக்கவைத்து, அரிசி நூடுல்ஸ் போட்டு, தோளில் காவடி போலச் சுமந்து தெருத் தெருவாக விற்றவர்கள் கையில்தான் ஃபோ உருவானது. இடம் ஹனோய்க்குத் தென்கிழக்கே இருக்கிற நாம் தின் பகுதி, காலம் 1900ஐ ஒட்டி. அங்கே பிரெஞ்சுக் காலத்துப் பெரிய நூற்பாலை இருந்தது, அதிகாலையில் சூடாக எதையாவது குடித்துவிட்டு வேலைக்கு ஓடவேண்டிய கூட்டமும் இருந்தது. அந்த மாவட்டத்து வான் கூ என்ற கிராமத்தில் கோ என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக ஃபோ விற்பவர்கள். ஹனோயில் இன்றும் பல கடைப் பலகைகளில் 'நாம் தின்' என்றும் 'கோ' என்றும் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஃபோவைக் கண்டுபிடித்தது யார் என்று மூன்று கட்சி உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சிக் கொதியலிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. அவர்களும் வெங்காயத்தைச் சுட்டுத்தான் போடுவார்கள், இவர்களும் அப்படியே. தெற்குச் சீனர்கள் விற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ்தான் மூலம் என்பது இன்னொரு கட்சி. வியட்நாமின் சொந்த எருமைக்கறிச் சாறுதான் மூலம், எருமைக்குப் பதில் மாடு வந்தது, அவ்வளவுதான் என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவது கட்சியின் மேல்தான் சாய்வு, இருந்தாலும் இரண்டாவதையும் தள்ள முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் எலும்பைத் தந்தார்கள், செய்முறையைத் தந்ததாகத் தெரியவில்லை. சாற்றில் விழுகிற மசாலாவைப் பாருங்கள்: சீன எல்லையில் இருக்கிற லாங் சோன் மாகாணத்து அன்னாசிப்பூ, யென் பாய் மலைப் பட்டை, கறுப்பு ஏலக்காய், கிராம்பு. கிராம்பைத் தவிர எல்லாம் வடக்கு மலைச் சரக்கு. நம்மூர் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் தடித்த பட்டையிலும் பெரும்பகுதி வியட்நாமிலிருந்தோ சீனாவிலிருந்தோதான் கப்பலேறி வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சாறு வைக்கும் முறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் இது ஏன் கடைச் சாப்பாடாகவே இருந்துவிட்டது என்று புரியும். எலும்பை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு ரத்தத்தை இறக்குவார்கள். அப்புறம் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, பொங்கிவரும் அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரையே கொட்டிவிட்டு, எலும்பை ஒவ்வொன்றாகக் கழுவுவார்கள். பிறகு புதுத் தண்ணீர், மெல்லிய தீ, எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். தளதளவென்று கொதிக்கக்கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும், மீறினால் சாறு கலங்கிவிடும். இஞ்சியையும் சின்ன வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் கருகச் சுட்டு, கருகிய மேல்தோலைச் சீவிவிட்டுப் போடுவார்கள். மசாலாவை வெறும் சட்டியில் வறுத்து, துணியில் கட்டி, கடைசி ஓரிரண்டு மணி நேரத்துக்கு மட்டும். மீன் சாறு இறக்கும் முன்னால். கிண்ணத்தில் நூடுல்ஸ், அதன்மேல் காகிதம்போல் சீவிய பச்சைக் கறி, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சாறு. அந்தச் சூட்டிலேயே கறி நிறம் மாறி வெந்துவிடும். சாறு தெளிவாக இருந்து வாசனை மட்டும் கனமாக இருந்தால் சமைத்தவர் கைதேர்ந்தவர்.

கோழி ஃபோ 1939 வாக்கில் வந்தது. திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்கத் தடை இருந்ததால் கடைக்காரர்கள் கோழிக்கு மாறினார்கள் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு இதை ஃபோ என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. இன்றைக்கு அதுவும் 'பாரம்பரியம்'.

1954இல் நாடு இரண்டாக வெட்டப்பட்டது. ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அவர்களோடு ஃபோவும் தெற்கின் தலைநகர் சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) பெரிய அளவில் இறங்கியது. தெற்கத்தி நாக்குக்கு இனிப்பு வேண்டும், பச்சை இலை வேண்டும், மேசையில் இஷ்டத்துக்குக் கலந்துகொள்ளச் சாமான்கள் வேண்டும். ஆகவே சாற்றில் கற்கண்டு விழுந்தது, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைப்பயறு, துளசி இனத்து இலைகள், எலுமிச்சை வந்தன, இனிப்பான கறுப்பு சோயா விழுதும் சிவப்பு மிளகாய்ச் சாறும் குப்பியில் வந்து நின்றன. ஹனோய்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் இன்றும் ரத்தம் கொதிக்கும். பத்து மணி நேரம் காய்ச்சிய சாற்றில் கறுப்பு விழுதைப் பிழிவதைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் காசு கொடுத்தவன் கிண்ணம், சரி.

அதே காலத்தில் வடக்கே என்ன ஆனது? கடைகள் அரசு கைக்குப் போயின. போர்க்காலம், கறி கிடையாது. அரசுக் கடைகளில் கிடைத்தது நூடுல்ஸும் அஜினமோட்டோ கலந்த வெந்நீரும். அப்போது அமெரிக்கா ஆளில்லா உளவு விமானங்களை வடக்கின் மேல் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. மக்கள் கறியில்லாத அந்தச் சூப்புக்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குண்டு விழுகிற ஊரில் வரிசையில் நின்று வெறும் தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டே இப்படி ஒரு கிண்டல் அடித்திருக்கிறார்கள். சாறு வீணாகக்கூடாது என்று பழைய சோற்றையும் ரொட்டியையும் அதில் தோய்த்துச் சாப்பிட்டதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான்.

சைகோன் பக்கமும் ஃபோ சும்மா இல்லை. லீ சின் தாங் தெருவில் ஃபோ பின் என்று ஒரு சின்னக் கடை. கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் உட்பட எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருக்க, மாடியில் வியட்காங், அதாவது தெற்கில் இயங்கிய கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையினர், 1968 டெட் புத்தாண்டுத் தாக்குதலுக்குத் திட்டம் போட்டார்கள். கடை பின்னால் நினைவிடமாகிவிட்டது.

1975இல் சைகோன் வடக்கின் கையில் விழுந்த பிறகு தெற்கிலிருந்து படகேறித் தப்பியவர்கள் கலிபோர்னியா, பாரிஸ், சிட்னி என்று போய்க் கடை போட்டார்கள். உலகம் முழுக்க 'அசல் ஃபோ' என்று விற்கிற முளைப்பயறும் துளசியும் நிறைந்த கிண்ணம், வடக்கத்தி அகதிகள் தெற்கே கொண்டுபோய், தெற்கத்தி அகதிகள் உலகுக்குக் கொண்டுபோனது. இரண்டு அகதிப் பயணம் செய்த சூப்புக்கு எது அசல் என்று எங்கே போய்த் தேடுவது?

சரி, மாறாமல் நின்றது எது என்று பார்ப்போம். மீன் சாறு, அவர்கள் பேச்சில் நூக் மாம். இதில்லாமல் வியட்நாம் சமையலே இல்லை. தெற்குக் கோடியில் இருக்கிற ஃபூ குவாக் தீவில் நெத்திலி மாதிரியான சின்ன மீனைப் பிடித்த உடனே, படகிலேயே, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று கலந்துவிடுவார்கள். கரைக்கு வந்ததும் ஆளுயரத்துக்கும் மேலான மரத் தொட்டிகளில் கொட்டி, மேலே மூங்கில் பாயும் கட்டையும் வைத்து அழுத்திவிட்டு, ஒரு வருடம் விட்டுவிடுவார்கள். மீனின் வயிற்றில் இருக்கிற நொதிகளே அதன் சதையைக் கரைக்கும், உப்பு அழுகாமல் காக்கும். வருடம் முடிந்து அடியில் இருக்கிற குழாயைத் திறந்தால் செம்பழுப்பு நிறத்தில் தெளிந்த சாறு சொட்டும். முதல் வடிதான் உயர்ந்தது, அதன்பின் உப்புநீர் ஊற்றி ஊற்றி வடிப்பதெல்லாம் அடுத்தடுத்த தரம். தரத்தை அளப்பது லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கில். புட்டியில் 40 என்று போட்டிருந்தால் நல்ல சரக்கு. 2012இல் ஃபூ குவாக் மீன் சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் பொருள் அதுதான்.

இந்தச் சாற்றுக்கு அரசியலும் உண்டு. ஃபான் தியெட் என்ற கடலோர ஊரில் 1906இல் பிரெஞ்சு எதிர்ப்பு அறிஞர்கள் சிலர் சேர்ந்து லியென் தான் என்ற மீன் சாற்று நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதில் வந்த காசில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. 1910இல் அங்கே வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் கொஞ்ச நாளில் கிளம்பிச் சைகோன் போய், 1911 ஜூனில் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சமையலறை எடுபிடியாக ஏறினார். பின்னால் விடுதலைப் போரின் தலைவர் ஹோ சி மின் ஆனவர் அவர்தான்.

அண்மைக் காலத்து அரசியலும் இருக்கிறது. வியட்நாமில் கடையில் விற்கிற மீன் சாற்றில் பெரும்பங்கு தொழிற்சாலைச் சரக்கு: கொஞ்சம் மூலச் சாறு, நிறையத் தண்ணீர், உப்பு, சுவையூட்டி, நிறமி. 2016 அக்டோபரில் ஒரு நுகர்வோர் அமைப்பு, மரபான மீன் சாறுகளில் ஆர்செனிக் அளவு மீறியிருக்கிறது என்று அறிவித்தது, நாடே பதறியது. ஆனால் அவர்கள் சொன்னது மொத்த ஆர்செனிக் கணக்கு. கடல் மீனில் இயல்பாகவே இருக்கிற கரிம ஆர்செனிக் அதில் சேரும், அது விஷமல்ல. மீன் சத்து அதிகமாக இருக்கிற நல்ல சரக்கில்தான் அது அதிகம் இருக்கும், தண்ணீர் கலந்ததில் குறைவாக இருக்கும். நச்சு வகை ஆர்செனிக் இல்லை என்று அரசுச் சோதனை சொன்னது, செய்தி வெளியிட்ட பல பத்திரிகைகளுக்கு அபராதம் விழுந்தது. நல்ல பொருளை நல்லது என்பதற்காகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கூத்து அது.

சாறு சமையலுக்குள் போவது ஒரு பக்கம், மேசை நடுவில் சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வருவது இன்னொரு பக்கம். ஒரு பங்கு மீன் சாறு, ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, நான்கைந்து பங்கு தண்ணீர், பூண்டும் மிளகாயும் பொடியாக நறுக்கி. பூண்டு மிளகாயைக் கடைசியில் தூவினால் மேலே மிதக்கும், முதலிலேயே போட்டால் அடியில் தங்கிவிடும், மாமியார்கள் இதைக் கவனிப்பார்கள். வீட்டுச் சாப்பாடு என்றால் வட்டத் தாம்பாளத்தில் ஒரு வதக்கல், ஒரு சுண்டக்காய்ச்சிய மீனோ கறியோ, ஒரு கீரை, ஒரு தண்ணிச்சூப், நடுவில் இந்தக் கிண்ணம், எல்லாரும் அதிலேயே தொட்டுக்கொள்வார்கள். சாப்பிடும் முன் வீட்டில் சின்னவர்கள் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் 'தாத்தா சாப்பிடுங்க, பாட்டி சாப்பிடுங்க' என்று முறை சொல்லி அழைத்துவிட்டுத்தான் குச்சியை எடுக்கவேண்டும், குறிப்பாக வடக்கே.

இலைகளைச் சொல்லாமல் விட்டால் பாதிச் சமையலை விட்டமாதிரி. கொத்தமல்லி, புதினா, துளசி இனங்கள் நமக்குத் தெரியும். அதற்கு மேல் ஓரம் ரம்பம் போன்ற நீள இலை மல்லி, ஊதா நிறத்துத் தியா தோ, காரமான ராவ் ராம், பச்சை மீன் வாடை அடிக்கிற சியெப் கா என்று ஒரு படையே உண்டு. இவை அலங்காரத்துக்கு இல்லை. வாத்து என்றால் இஞ்சிச் சாறு, குஞ்சு உருவான வாத்து முட்டை என்றால் ராவ் ராம், நத்தை என்றால் இஞ்சியும் எலுமிச்சை இலையும் என்று எதற்கு எது என்ற கணக்கு இருக்கிறது. சூடு, குளிர்ச்சி பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம், நம் பாட்டிமார் பேசுவதற்கு ரொம்பத் தூரமில்லை.

இந்த அடித்தளம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஹனோயின் புன் சாவைப் பார்க்கலாம். கரியில் சுட்ட பன்றிக்கறி, தண்ணீர் விட்டு இளக்கிய மீன் சாற்றில் மிதக்கும், அதில் பச்சைப் பப்பாளிச் சீவல், பக்கத்தில் அரிசி நூடுல்ஸ், ஒரு குவியல் இலை. 2016 மே மாதம் ஒபாமாவும் சமையல் எழுத்தாளர் ஆந்தனி போர்டெயினும் ஹனோயில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து ஆறு டாலருக்குச் சாப்பிட்டது இதைத்தான். கடைக்காரர்கள் அந்த மேசையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அந்த மேசையிலேயே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பான் மீ கதை சுருக்கமானது. கோதுமை விளையாத நாட்டுக்கு ரொட்டியைக் கொண்டுவந்தது பிரெஞ்சுக்காரர்கள், 1859இல் சைகோனைப் பிடித்த பிறகு. வெகுகாலம் அது துரைமார் சாப்பாடு, தட்டில் வைத்து, கத்தி முள்கரண்டியோடு, ஈரல் விழுதும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும் தனியாக. 1954இல் ஹனோயிலிருந்து தெற்கே வந்த ஒரு தம்பதியர், லே மின் ஙோக்கும் நுயென் தி தின்னும், 1958இல் சைகோனில் ஹோவா மா என்ற கடையைத் தொடங்கினார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களுக்கு உட்கார நேரமில்லை என்று எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே திணித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதோடு காரட், முள்ளங்கி ஊறல், கொத்தமல்லி, மிளகாய் சேர்ந்ததும் பிரெஞ்சு வாடை போய்விட்டது. அரிசி மாவு கலப்பதால்தான் ரொட்டி அவ்வளவு மொறுமொறுப்பு என்று எங்கும் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். பெரும்பாலான அடுமனைகளில் முழுக்கக் கோதுமை மாவுதான். நிறைய உப்பவிட்டு, உள்ளே காற்றாகவும் மேலே மெல்லிய ஓடாகவும் சுடுகிற நுட்பம்தான் அந்த மொறுமொறுப்பு.

நாட்டின் வரைபடத்தைப் பார்த்தால் மற்றப் பண்டங்களுக்கும் விளக்கம் கிடைக்கும். வியட்நாமியர்கள் முதலில் வடக்கே சிவப்பு நதிப் படுகையில் இருந்தவர்கள். நடுவில் இருந்தது சம்பா, சிவன் கோயில்கள் கட்டி, சமஸ்கிருதக் கல்வெட்டு வெட்டிய அரசு. 1471இல் அதன் தலைநகர் விஜயா வீழ்ந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இன்னும் தெற்கே இறங்கிக் கெமர் (கம்போடிய இன) மக்கள் வாழ்ந்த மேக்கோங் கழிமுகத்தைப் பிடித்தார்கள். ஆக வடக்குச் சமையல் பழையது, அடக்கமானது, மிளகும் சோயிக்கீரையும் போடும். நடுப்பகுதி காரமானது, உப்பானது. தெற்கு இளையது, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தாராளம்.

1802 முதல் 1945 வரை அரச நகரமாக இருந்த ஹுவேயைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அரண்மனைப் பலகாரம் பற்றியே எழுதுவார்கள். சின்னத் தட்டில் ஆவியில் வெந்த பான் பெயோ, இலையில் மடித்த பான் நாம் எல்லாம் அழகுதான். எனக்கு அந்த ஊரைக் காட்டுவது கோம் ஹென். ஹுவோங் ஆற்றின் நடுத்திட்டில் வாரிய நகக்கண் அளவு மட்டியை வதக்கி, ஆறிய சோற்றின் மேல் போட்டு, வேர்க்கடலை, பன்றித்தோல் பொரியல், சேம்புத் தண்டு, பச்சை இலை, புளித்த கூனி இறால் விழுது, கண்ணில் நீர் வரும் அளவு மிளகாய். மட்டி வெந்த தண்ணீரைச் சூடாகப் பக்கத்தில் தருவார்கள். மீந்த சோற்றில் ஏழைகள் செய்தது. அதே கூனி விழுதும் எலுமிச்சைப்புல்லும்தான் புன் போ ஹுவே என்கிற காரமான மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கும் உயிர், குடித்துப் பார்த்தவர்கள் பலர் ஃபோவை மறந்துவிடுவார்கள்.

ஹோய் அன் துறைமுகத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் கடைவீதி போட்டு வாழ்ந்தார்கள். அங்கத்திய கவ் லாவ் நூடுல்ஸ் தடிமனாக, கொஞ்சம் மஞ்சளாக, பல்லுக்கு எதிர்ப்புக் காட்டும். எதிரே கடலில் இருக்கிற சாம் தீவு மரச் சாம்பலின் கார நீரும், ஊருக்குள் சம்பா காலத்துக் கிணறு என்று சொல்லப்படும் பா லே கிணற்று நீரும் இல்லாமல் இது வராது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கிணற்று நீர் சமாசாரத்தில் வியாபாரமும் கொஞ்சம் கலந்திருக்கலாம், ஆனால் கார நீர் நூடுல்ஸை இறுக்கும் என்பது வேதியியல்.

பான் ஸெயோவைப் பார்த்ததும் நம்மாட்கள் 'அட தோசை' என்பார்கள், சம்பா வழியாகப் போன நம் தோசைதான் என்று உடனே வரலாறும் எழுதிவிடுவார்கள். நிதானம் வேண்டும். இதில் உளுந்து கிடையாது, புளிப்பேற்றுவது கிடையாது. அரிசி மாவு, மஞ்சள், தெற்கே என்றால் தேங்காய்ப்பால், சூடான எண்ணெயில் ஊற்றியதும் சொய்யென்று கத்தும். உள்ளே இறாலும் பன்றிக்கறியும் முளைப்பயறும். பிய்த்துக் கடுகு இலையிலோ அரிசித் தாளிலோ சுருட்டி, இலைகளோடு மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிடவேண்டும். அரிசியும் மஞ்சளும் இருக்கிற ஊரில் இப்படி ஒன்றைத் தானாகவே கண்டுபிடித்திருக்க முடியும்.

மேக்கோங் பக்கம் போனால் நமக்குக் கொஞ்சம் வீட்டு வாசனை அடிக்கும். கன் சுவா என்பது விரால் மீனைப் புளித்தண்ணீரில் போட்டு, அன்னாசி, தக்காளி, வெண்டைக்காய், சேம்புத் தண்டு சேர்த்த ஒரு நீர்த்த குழம்பு, சர்க்கரையும் விழும். அதற்கு ஜோடி கா கோ தோ: மண்சட்டியில் சர்க்கரையைக் கருக்கி, மீன் சாறும் மிளகும் சேர்த்து, மீன் துண்டு பளபளவென்று ஒட்டுகிற வரை சுண்டவைத்தது. கெமர் மக்களின் புளித்த மீன் விழுது பிரஹோக், த்ரா வின் பக்கத்து நூடுல்ஸ் கிண்ணங்களில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. சைகோனின் காலை உணவான கோம் தாம் நொய்யரிசிச் சோறு. அரைவையில் உடைந்து விலைபோகாமல் மிஞ்சியதை ஏழைகள் சமைத்தார்கள், இன்றைக்கு அதற்கென்று தனியாக நொய் விற்கிறார்கள், சுட்ட பன்றிக்கறியும் முட்டைப் பணியாரமும் வைத்து.

உண்மையான தமிழ்த் தொடர்பு தோசையில் இல்லை, மசாலாக் குழம்பில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோனுக்குக் குமாஸ்தாவாக, சிப்பாயாக, வரி வசூலிப்பவராகப் போன தமிழர்கள் ஏராளம், நகரத்தார் வட்டிக்கடை தனி. துரோங் தின் தெருவில் மாரியம்மன் கோயிலும் தோன் தத் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயிலும் இன்றும் இருக்கின்றன. மாரியம்மனை வியட்நாமியர்கள்தான் அதிகம் கும்பிடுகிறார்கள். தெற்கத்தி கா ரி கா, அதாவது கோழிக் குழம்பு, அந்த இந்தியக் கடை மசாலாத் தூளில் தொடங்கியது. தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மீன் சாறு சேர்த்துக் காரத்தைக் குறைத்து, பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். வீட்டில் முன்னோர் திதி என்றால் பல தெற்கத்திக் குடும்பங்களில் இது கட்டாயம் இருக்கும். எதிர்த்திசையிலும் ஒன்று வந்தது: வியட்நாமியப் பெண்களைக் கட்டிக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் மூலம் புதுச்சேரி வீடுகளில் 'நெம்' என்ற பொரித்த சுருள் நிலைத்துவிட்டது.

அப்படியானால் உண்மையிலேயே பழைய பண்டம் ஒன்றுகூட இல்லையா என்றால், இருக்கிறது, டெட் புத்தாண்டுக்குச் செய்கிற பான் சுங். ஒட்டும் அரிசி, நடுவில் பாசிப்பயறும் கொழுப்புள்ள பன்றிக்கறியும், எல்லாவற்றையும் லா தோங் இலையில் சதுரமாக மடித்து, மூங்கில் நாரால் கட்டி, பெரிய அண்டாவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். தண்ணீர் குறையக் குறைய ஊற்றவேண்டும் என்பதால் இரவெல்லாம் யாராவது முழித்திருக்கவேண்டும். பழங்கதைகளில் வருகிற ஹுங் மன்னர்களில் ஒருவரின் ஏழை மகன் லாங் லியூ, அரிய பண்டம் தேடப் பணமில்லாமல் இந்தச் சதுரப் பண்டத்தைப் பூமிக்கும் வட்டமான பான் சாயை வானத்துக்கும் அடையாளமாகச் செய்து கொடுத்து அரியணையை வென்றான் என்பது கதை. ஆனால் இங்கேயும் தகராறு உண்டு. தெற்கே இதையே வாழையிலையில் உருளையாகக் கட்டி பான் தெட் என்பார்கள். வரலாற்றாசிரியர் த்ரான் குவோக் வுவோங், உருளைதான் ஆதி வடிவம், சதுரம் பின்னால் வந்தது என்று வாதிட்டார். சதுரப் பூமி, வட்ட வானம் என்ற எண்ணமே சீனத்து எண்ணம் என்பதைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

கடைசியாக, இதையெல்லாம் படித்துவிட்டு 'நாங்கள் சைவம், எங்களுக்கு என்ன' என்று கேட்பவர்களுக்கு. காய்கறி மட்டும் போட்ட தட்டு என்று நம்பி வாங்கினால் அதில் மீன் சாறு இருக்கும். வள்ளைக்கீரைப் பூண்டு வதக்கலில் இருக்கும், டோஃபுவுக்குத் தொட்டுக்கொள்ள வரும் கிண்ணத்திலும் இருக்கும். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'சாய்' என்று சொல்லவேண்டும், பௌத்த முறைச் சைவம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் விரதம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்த நாட்களில் சாதாரணக் கடைகளில்கூடச் சாய் சாப்பாடு கிடைக்கும், மற்ற நாட்களில் 'சாய்' என்று பலகை மாட்டிய தனிக் கடைகள் உண்டு, ஹுவேயில் மிக நன்றாக இருக்கும். அங்கே முள்ளங்கியும் காளானும் போட்டுக் காய்ச்சிய ஃபோ உண்டு, அன்னாசியும் சோயாவும் உப்பும் சேர்த்துச் செய்த, மீனே இல்லாத மீன் சாறும் உண்டு.